படிவத்தில் இல்லாத கேள்வி

"கதவை மூடுங்க! முதல்ல அந்தக் கதவை மூடுங்க!"

மூன்றாவது மாடிப் படியேறும்போதே அவள் கத்த ஆரம்பித்துவிட்டாள். ஒரு கையில் மழையில் சொட்டச் சொட்ட நனைந்த குடை, மறுகையில் கழற்றி எடுத்த ஒற்றைச் செருப்பு... அப்படி ஓர் ஓட்டம். நடைகூடத்தின் கோடியில் நின்ற பெரிய ஃப்ரீசரின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வெள்ளைப் புகை தரையெல்லாம் தவழ்ந்தது. அந்தப் புகைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் சாவகாசமாக எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"மூடிட்டு எப்படி மேடம் ரிப்பேர் பண்றது? வெளிய நின்னு ஜோசியமா பாக்கறது?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? நாலு வருஷ உழைப்பு! ஆயிரத்து இருநூறு பேரோட சாம்பிள்! மைனஸ் எண்பது டிகிரியில இருக்க வேண்டியது!"

"அதெல்லாம் காலையிலயே பக்கத்துப் பெட்டிக்கு மாத்தியாச்சு. உங்க ஸ்டோர்காரர் ஒவ்வொண்ணா எண்ணிக் குடுத்தார், நான் கை விறைச்சுப்போய் வாங்கி அடுக்கினேன். இது காலி."

அவள் எட்டிப் பார்த்தாள். காலிதான். கத்திய கத்தல் அத்தனையும் வீண். கையிலிருந்த ஒற்றைச் செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள்.

அவன் தலையை வெளியே எடுத்துத் திரும்பினான். புருவமெல்லாம் பனி. அந்தப் பனிக்குக் கீழே இரண்டு கண்கள்... திட்டு வாங்கியும் சிரிக்கிற கண்கள். அவள் ஒரு கணம் அந்தக் கண்களைப் பார்த்தாள். மறுகணம் தொழில் புத்தி வந்துவிட்டது. நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை... ஒரு புள்ளி இல்லை. ஒரு தழும்பு இல்லை. முப்பது வயது ஆணுக்கு இப்படி ஒரு முகமா!

உண்மையைச் சொல்லிவிடலாம். அவளுக்கு அவன்மேல் முதலில் வந்தது காதல் இல்லை, சுத்தமான வயிற்றெரிச்சல். பதின்மூன்று வயதில் அவள் நெற்றியில் முளைத்த பரு, இருபத்தொன்பது வயதாகியும் காலி செய்ய மறுக்கிற குடித்தனக்காரன் மாதிரி இடது கன்னத்தில் உட்கார்ந்திருக்கிறது. போனது போக விட்டுச்சென்ற குழிகள் வேறு. யாருடன் பேசினாலும் இடப்பக்கம் ஒரு ஃபைலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தப் பருவைத்தான் அந்தக் கட்டடத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே வீடு, ஒரே சோப்பு, ஒரே தண்ணீர். அண்ணனுக்கு முகம் நிறைய வருகிறது, தம்பிக்கு வருவதில்லை. ஏன்? அவர்கள் உடம்புக்குள் பரம்பரையாக வருகிற மரபணுவில் எங்கே வித்தியாசம்? அவள் வேலை, குடும்பம் குடும்பமாகப் பேட்டி எடுத்து வம்ச மரம் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. பரு வந்தவர்களுக்குள் கறுப்பு மை, வராதவர்கள் வெள்ளை. நாள் முழுக்க மரம் வரைவதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'மரக்காரி' என்று ஆகிவிட்டது.

ஃப்ரீசர்காரன் கையைத் துடைத்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த ஒரு மரத்தைப் பார்த்தான். "இது என்ன மேடம், சதுரமும் வட்டமுமா?"

அவள் சொன்னாள்... வேண்டாவெறுப்பாகத்தான்.

"அப்ப எங்க வீட்ட வரைஞ்சா மை பாட்டில் தீந்துடும்," என்றான் அவன். "அப்பா, அம்மா, அக்கா, தம்பி, தங்கச்சி... எல்லாருக்கும் முகம் பூரா. நான் ஒருத்தன்தான் இப்படி. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்கன்னு தம்பி இன்னமும் கிண்டல் பண்ணுவான்."

ஃபைல் அவள் கன்னத்தைவிட்டுத் தானாகக் கீழே இறங்கியது. "எல்லாருக்குமா? நிஜமாவா? கடுமையா வருமா?"

"ஏன் மேடம், திடீர்னு இவ்வளவு பாசம்?"

"நீங்க... ஒரு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாம இருக்கீங்களா? ஒரு குழாய்ல எச்சில் துப்பணும்."

இப்படி ஒரு வாக்கியத்தோடு உலகத்தில் எந்தக் காதலாவது ஆரம்பித்திருக்குமா, தெரியவில்லை. இது ஆரம்பித்தது.

அரை மணி கழித்துப் பேட்டி அறையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். வெளியே மழை ஜன்னலைக் கழுவிக்கொண்டிருந்தது. அவன் கையில் சின்னக் குழாய். கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். அவன் முயன்றான்... ஒன்றும் வரவில்லை.

"என்னாச்சு?"

"வாய் வறண்டுபோச்சு மேடம். நீங்க இப்படி கண் கொட்டாம பாத்தா எப்படி வரும்?"

"நான் ஒண்ணும் உங்கள பாக்கல. கோட்டப் பாக்கறேன்."

"கோடும் என் வாய்க்குக் கீழதானே இருக்கு!"

அவள் நாற்காலியோடு திரும்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. அதை அவன் பார்த்துவிட்டான் என்பது கண்ணாடியில் தெரிந்தது.

பிறகு படிவம். மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள். அவன் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாகப் பதில் சொன்னான். முப்பத்தொன்றாவது கேள்வி, 'பருவினால் சிறுவயதில் மனவருத்தம் ஏற்பட்டதா?' என்பது. பரு இல்லாதவர்களிடம் அதைக் கேட்டு 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போவது வழக்கம்.

"ஆமா, ஏற்பட்டுச்சு," என்றான் அவன்.

"உங்களுக்கா?"

"ஸ்கூல்லேருந்து வந்ததும் அம்மா எல்லாரையும் வரிசையா உக்கார வெச்சு முகத்துல களிம்பு தடவுவாங்க. ஒவ்வொருத்தர் கன்னத்தையும் ரெண்டு கையாலயும் பிடிச்சு... பதமா... பேசிக்கிட்டே தடவுவாங்க. நான் அந்த வரிசையில கிடையாது. ஒருநாள் சிவப்புப் பேனாவால மூஞ்சி பூரா புள்ளி வெச்சுக்கிட்டுப் போய் கடைசியில உக்காந்தேன்." அவன் சிரித்தான். "அடிதான் கிடைச்சுது. அவ்வளவு பொறாமை எனக்கு, இவங்க பரு மேல."

அவள் பேனா நின்றுவிட்டது. பொறாமையைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? ஆனால் பளிங்கு போன்ற முகத்துக்காரனுக்கும் அது இருந்திருக்கிறது, அதுவும் அவளிடம் அபரிமிதமாக இருக்கிற அந்த ஒரே சொத்தின்மேல்... மனசுக்குள் ஏதோ சரசரவென்று சரிந்தது. ஐயோ, இது நல்லதுக்கில்லை என்று நினைத்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனாள்.

"கல்யாணம்?"

"இன்னும் இல்ல. அம்மா ஒரு பொண்ணு பாத்திருக்காங்க. பேச்சு நடக்குது."

விதி தெளிவானது. கல்யாணம் ஆனால்தான் கோடு, வட்டம் எல்லாம். பேச்சு நடந்தால் வெறும் சதுரத்தை வரைந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் அவள் பேனா விதியைக் கேட்கவில்லை. வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் மெல்லியதாக ஒரு வட்டம் போட்டது. அவள் அந்த வட்டத்தையே முறைத்தாள். ரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

குடும்ப எண் நூற்றுப் பதினேழு.

அடுத்த வாரம் குடும்பமே திரண்டு வந்தது. அவன் அக்கா முகத்தை மறைக்கிற மாதிரி தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். குழாயைக் கொடுத்துவிட்டு, போகும்போது மரக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து கண்டுபிடிக்கலைன்னாலும் பரவால்லம்மா. இது இதனாலதான் வருதுன்னு ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டுங்க, போதும். மூஞ்சி கழுவாதவ, எண்ணெய்ப் பண்டம் தின்னவன்னு இருபது வருஷமா கேட்டுக் கேட்டு... என் தப்பு இல்லன்னு யாராவது சொன்னாப் போதும்."

"சொல்லுவோம்க்கா," என்றாள் அவள். கண்ணோரத்தை விரலால் ஒற்றிக்கொண்டாள்.

அந்த ஈரம் காய்வதற்குள் அவன் அம்மா வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெள்ளந்தியாகக் கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு படிச்சு, இதுலயே வேலையும் பாத்து... உனக்கே இன்னும் போகலையா?"

"அம்மா!" என்று பல்லைக் கடித்தான் அவன்.

"நான் என்னடா தப்பாக் கேட்டேன்? அதுக்குத்தாம்மா, வரப்போற மருமகளாவது பளிச்சுனு இருக்கட்டும்னு தேடித் தேடிப் பிடிச்சிருக்கேன். பேரப்பிள்ளைக்காவது விடியட்டுமே!"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க," என்றாள் அவள், குரலைச் சமமாக வைத்துக்கொண்டு. "வெளிய தெரியலைன்னாலும் உங்க பையன் உடம்புக்குள்ளயும் அது ஒளிஞ்சிருக்கலாம்." சொல்லிவிட்டு ஃபைலை இடது கன்னத்தருகே தூக்கிக்கொண்டாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை அந்த அம்மா ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் செய்துவிட்டுப் போனார்.

சரி, அத்தோடு விட்டுவிட வேண்டியதுதானே? மானமுள்ளவள் விட்டிருப்பாள். அவளும் மானமுள்ளவள்தான். ஒன்பது நாள் விட்டாள். பத்தாம் நாள் ஃபைலைத் திறந்தால் அந்த வட்டம் கண்ணில் குத்தியது. பளிச்சென்று இருப்பாளாமே... எவ்வளவு பளிச்சென்று?

அலுவலகப் போனை எடுத்தாள். 'இந்த உரையாடல் தரப் பரிசோதனைக்காகப் பதிவு செய்யப்படும்' என்று வழக்கமான குரல் சொன்னது. நாளைக்கு இருபது முறை கேட்டுக் கேட்டு அந்தக் குரல் அவள் காதில் விழுவதே இல்லை.

"சார்... ஆராய்ச்சி மையத்துலேருந்து. கூடுதலா ஒரு கேள்வி. நாப்பத்தி மூணாவது."

"சொல்லுங்க மேடம்."

"உங்களுக்குப் பேசியிருக்கற... அவங்களுக்கு முகத்துல பரு உண்டா?"

"பருவா? கொசு உக்காந்தா வழுக்கி விழும் மேடம்."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மூன்று நாள் கழித்து நாற்பத்திநான்கு: "சின்ன வயசுலயாவது வந்திருக்கா?" வரவில்லையாம். நாற்பத்தைந்து: "சிரிச்சா கன்னத்துல குழி விழுமா?" விழுமாம், இரண்டு பக்கமும். பாவி, ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? நாற்பத்தாறு: "வாரத்துக்கு எத்தனை தடவ பாத்துக்கறீங்க? இது... மன அழுத்தம் சம்பந்தப்பட்டது."

"யாரோட மன அழுத்தம் மேடம்?"

"பொதுவா... எல்லாரோடதும்."

இப்படியே போய் ஐம்பத்தொன்று வரை வந்துவிட்டது. ஒவ்வொரு பதிலும் ஊசியாகக் குத்தியது. ஆனாலும் குரலைக் கேட்க வேண்டியிருந்ததே... அவன் 'சொல்லுங்க மேடம்' என்கிற அந்த இரண்டு வார்த்தைக்காக, ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் கன்னக்குழியை எல்லாம் சகித்துக்கொண்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். ஒரு திங்கட்கிழமை பேராசிரியை அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மேஜையில் இருந்த ஒலிப்பெட்டியைத் தட்டினார்.

'சிரிச்சா கன்னத்துல குழி விழுமா?' என்றது அவள் குரலே, அறை முழுக்க.

"இது எந்த மரபணுவுக்கும்மா?" என்றார் பேராசிரியை.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"மாசத்துக்குப் பத்து போனை எடுத்துக் கேக்கறது வழக்கம், உனக்கே தெரியும். இதுல உன்னோடது ஒண்ணு மாட்டிச்சு. அப்புறம் மீதியையும் தேடிக் கேட்டேன். ஒன்பது கேள்வி. படிவத்துல ஒண்ணுகூட இல்ல. மரத்துல பங்கேற்பாளர் எண் இல்லாம ஒரு வட்டம் வேற, அழிச்சு அழிச்சுப் பேப்பரே ஓட்டை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் கோபமா இருக்கேன். ஆனா அது பின்னால. தணிக்கைக்காரங்க என்ன கேப்பாங்க தெரியுமா? ஒன்பது கேள்விய இஷ்டத்துக்குக் கேட்டவ, மீதி நாப்பத்திரண்டையும் ஒழுங்காக் கேட்டாளான்னு. இந்தக் குடும்பத்தையே தூக்கிடுவாங்க. எல்லாருக்கும் கடுமையா இருந்து, ஒருத்தனுக்கு மட்டும் துளிகூட இல்லாத வீடு... நாலு வருஷத்துல நமக்கு இப்படி ஒண்ணு கிடைச்சதே இல்ல."

"வேற வழி... இல்லையா மேடம்?"

பேராசிரியை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'தனிப்பட்ட தொடர்பு அறிவிப்பு' என்று இருந்தது. பேட்டி எடுக்கிறவருக்கும் பங்கேற்பாளருக்கும் நடுவே ஏதாவது இருந்தால், அதை எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் முதலிலிருந்து பேட்டி எடுத்துச் சரிபார்ப்பார். பதில்கள் ஒத்துப்போனால் குடும்பம் தப்பிக்கும்.

"உண்மை எதுவோ அத எழுது. ஒண்ணுமே இல்லன்னா அப்படியும் எழுதலாம். ஆனா ஒண்ணுமே இல்லாதவ எதுக்குக் கன்னக்குழியப் பத்திக் கேட்டான்னு நான் பதில் சொல்ல முடியாது. இன்னொண்ணு... அவர் இதப் படிச்சுட்டுக் கீழ கையெழுத்துப் போடணும்."

"அவரா? படிக்கணுமா?"

"ஆமா. குடும்பம் பளிங்குகிட்டப் போகும்."

குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம். பளிங்கு என்பது பக்கத்து மேஜைப் பெண்ணின் பட்டப்பெயர். இருபத்துநான்கு வயது. முகத்தில் வெளிச்சம் விழுந்தால் திரும்பி வரும். 'அக்கா, அக்கா' என்று அவள் குழையும்போதெல்லாம் நம் கதாநாயகிக்கு ஐந்து வயது கூடின மாதிரி இருக்கும். அந்தப் பளிங்கு இனி அவன் எதிரே உட்காருவாள். அவனுக்கு வாய் வறண்டுபோகும். பளிங்கு திரும்பி உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரிப்பாள்...

தாளை வீட்டுக்கு எடுத்துப்போனாள். இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தாள். 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடலாம். மானம் தப்பும். குடும்பம் போகும்... போகட்டுமே, ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த அக்கா முடியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றது கண்முன்னாலேயே நின்றது. 'என் தப்பு இல்லன்னு யாராவது சொன்னாப் போதும்.' இருபது வருஷம் பேச்சுக் கேட்டவளுக்கு வரவேண்டிய பதிலை, நான் யார் மேலேயோ பொறாமைப்பட்டதற்காக அழித்துவிடுவதா? அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எழுதினாள். 'தொடர்பின் தன்மை' என்ற இடத்தில் என்ன எழுதுவது? காதல் என்று எழுதக் கை கூசியது. அன்பு என்றால் பொய்யாக இருந்தது. கடைசியில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததையே எழுதினாள்: 'பொறாமை.' அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். ஒரு தரப்பு, இரு தரப்பு. யோசிக்க என்ன இருக்கிறது? 'ஒரு தரப்பு' என்பதில் அழுத்தி ஒரு குறி போட்டாள்.

மத்தியானம் அவன் வந்தான். சும்மா வரவில்லை. நடைகூடத்தில் பளிங்கின் சிரிப்பு கலகலவென்று முன்னால் வந்தது, பின்னால் அவன் சிரிப்பு. இருவரும் ஒரே குடைக்குள் வாசலிலிருந்து வந்திருக்கிறார்கள். அவன் வலது தோளும் பளிங்கின் இடது தோளும் மட்டும் நனைந்திருந்தன. அந்த அளவுக்குக் கவனித்துவிட்டாள் என்றால் பாருங்கள்!

"அக்கா, சார் செம காமெடி! வழியெல்லாம் சிரிச்சு வயிறே வலிக்குது. இனி நூத்திப் பதினேழு என்னோடதாமே? ஜாலி!"

"சந்தோஷம்," என்றாள் அவள். அந்தச் சொல்லுக்கு இதைவிடக் கசப்பான பொருள் அன்றுவரை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பளிங்கு போனதும் பேட்டி அறைக்குள் நுழைந்தார்கள். அதே மேஜை, எதிரெதிரே. அவள் தாளை அவன் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"இத படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். ஒண்ணும் கேக்காதீங்க. போட்டுட்டுப் போயிடுங்க."

மழைச் சத்தம். தாள் திரும்பும் சத்தம்.

"பொறாமைன்னு போட்டிருக்கு..." என்றான் மெதுவாக. "யார் மேல?"

"கேக்காதீங்கன்னேனே!"

"புரியாம எப்படி மேடம் கையெழுத்துப் போடறது?"

அவள் விருட்டென்று திரும்பினாள். அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்தது. "அந்த வட்டத்து மேல! கொசு வழுக்கி விழற கன்னத்து மேல! ரெண்டு பக்கமும் விழற குழி மேல! போதுமா? இப்ப ஒரு குடைக்குள்ள வந்தீங்களே, அந்தக் குடை மேல! உங்க அம்மா தேடித் தேடிக் கண்டுபிடிச்சாங்களே, அந்தப் பளிச்சு மேல... எனக்கு எந்த உரிமையும் இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் வயிறு எரியுது. நான் என்ன பண்ண?"

கண் நிறைந்துவிட்டது. ஃபைலைத் தேடினாள். அன்று பார்த்து எடுத்து வரவில்லை. இடது கன்னம், வலது கன்னம், தழும்பு, கண்ணீர் எல்லாம் அப்பட்டமாக அவன் முன்னால் இருந்தன.

"அந்தப் பொண்ணு கிடையாது," என்றான் அவன்.

"என்ன?"

"நீங்க மொத தடவ போன் பண்றதுக்கு முந்தின நாளே அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு. அவங்களுக்கு வேற ஒருத்தரப் பிடிச்சிருந்துச்சு, தைரியமா வீட்ல சொல்லிட்டாங்க. நான் வாழ்த்திட்டு வந்துட்டேன்."

"அப்ப... குழி? வாரத்துக்கு நாலு தடவ பாக்கறது?"

"அதெல்லாம் சும்மா அடிச்சு விட்டது."

அழுகை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குள்ளிருந்த ஆராய்ச்சிக்காரி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "ஆராய்ச்சிக்குப் பொய் சொன்னீங்களா? எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? உங்க குடும்பத்தையே தூக்க இருந்தாங்க!"

"படிவத்துல இருந்த நாப்பத்திரண்டுக்கும் சத்தியமா உண்மைதான் சொன்னேன். எங்களுக்கும் ஒரு நகல் குடுத்தீங்களே, அக்கா அத வரி விடாம படிச்சு வெச்சிருக்கா. நாப்பத்தி மூணுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டா." அவன் குரல் தாழ்ந்தது. "படிவத்துல இல்லாத கேள்விக்குத்தான் பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு இல்லைன்னு நான் சொல்லிட்டா, நீங்க அடுத்த கேள்விக்குப் போன் பண்ண மாட்டீங்களே... அந்தப் பயம்."

"நேரா சொல்லியிருக்கலாமே!"

"எதச் சொல்ல? நீங்க படிச்சவங்க. நான் ஸ்பானர் பிடிக்கறவன். ஒருவேளை நிஜமாவே மன அழுத்தத்தப் பத்தித்தான் கேக்கறீங்களோ என்னவோன்னு... நானும் வாரக்கணக்கா மன அழுத்தத்துலதான் இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அதை மிஞ்சிக்கொண்டு பழைய வலி மேலே வந்தது. "உங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க. என் முகத்தப் பாருங்க... நல்லா பாருங்க. இது இப்படித்தான் இருக்கும். பேரப்பிள்ளைக்கு விடியணும்னு சொன்னவங்க அவங்க."

அவன் பார்த்தான். கண்ணை எடுக்காமல், ஒரு பக்கம்கூட விடாமல் பார்த்தான். "இத வேற முகம்னு நான் நினைச்சதே இல்ல. எனக்கு வேண்டியவங்க எல்லாருக்கும் இதே முகம்தான். அம்மாகிட்ட போன வாரமே சொல்லிட்டேன். என் உடம்புலயும் ஒளிஞ்சிருக்கலாம்னு நீங்க சொன்னீங்களே, அதத்தான் சொன்னேன். எந்தப் பளிச்சக் கட்டினாலும் உன் பேரனுக்கு வந்தா அது என்னாலயும்தான்மான்னேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், 'அந்தப் பொண்ணுகிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா... மன்னிக்குமா?'ன்னு கேட்டாங்க."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

அவன் பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போடவில்லை. தாளையே பார்த்தான். "இதுல ஒரு தப்பு இருக்கே மேடம்."

"எங்க?"

"இங்க." ஒரு தரப்பு என்ற கட்டத்தின்மேல் விரலை வைத்தான். "தப்பா இருக்கற தாள்ல கையெழுத்துப் போட்டா, திரும்ப எங்க குடும்பத்தத் தூக்கிட மாட்டாங்களா?"

அவள் இதயம் ஃப்ரீசர் கம்ப்ரஸர் மாதிரி தடதடத்தது. "அ... அழிக்கக் கூடாது. வெள்ளை மை தடவக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, சரியானத எழுதி, பக்கத்துல திருத்தினவங்க கையெழுத்தும் தேதியும் போடணும். அதான் விதி."

அவன் விதிப்படியே செய்தான். ஒரு கோடு. பிறகு 'இரு தரப்பு' என்ற கட்டத்தில் ஒரு குறி. பக்கத்தில் கையெழுத்து.

"இன்னிக்குத் தேதி என்ன?"

அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நாளைக்கு இருபது படிவத்தில் தேதி எழுதுகிறவளுக்கு, எந்த மாதம் என்பதுகூட மறந்துபோயிருந்தது. அவன் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினான்.

"நான் எழுத்துல குடுத்துட்டேன்," என்றான். "நீங்க எழுதினது பொறாமைன்னுதான் இருக்கு. அது மட்டும் போதாது. வாயால சொல்லுங்க."

"நான் போய் ஃபைல்ல சேக்கணும்..."

"சேக்கலாம். சொல்லிட்டுப் போங்க."

அவள் எழுந்து கதவு வரைக்கும் போனாள். கதவுக்கு வெளியே பளிங்கு யாருடனோ பேசுவது கேட்டது. அவள் கதவைத் திறக்காமல் திரும்பி, மறைக்க எதுவும் இல்லாத முகத்தோடு அவனைப் பார்த்தாள்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "ரொம்ப. ஆனா இனிமே அவகூட ஒரே குடையில வந்தீங்கன்னா... கொன்னுடுவேன்."